கடன் முடிந்தும் சத்ரியாவை விற்க விடாத உரிமைக் கோரல், பிறகு வந்து சேர்ந்த எம்எக்ஸ்-5

பழைய காடியை விற்கப் போகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் போடுவதற்கு முன்பே, காடியைக் கழுவிப் படம் எடுப்பதற்கும் முன்பே, ஜேபிஜே (மலேசிய சாலைப் போக்குவரத்துத் துறை) முகப்புக்குப் போய் உங்கள் காடியின் மேல் கடன் கொடுத்த வங்கி போட்ட உரிமைக் கோரல் இன்னும் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். கடனைக் கட்டி எத்தனை வருடமானாலும் சரி, கெரான், அதாவது காடியின் பதிவுச் சான்று, அலமாரியில் பத்திரமாக இருந்தாலும் சரி, கேளுங்கள். நான் அலைந்த அலைச்சல் இன்னும் ஆறவில்லை.

என்னுடையது புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 4ஜி93பி என்ஜின், 1,834 சிசி, 138 குதிரைத்திறன், லோட்டஸ் ஆட்கள் கைவைத்துச் சீர்செய்த சஸ்பென்ஷன். 2001இல் புதிதாக எடுத்தேன். நம் நாட்டில் செய்த காடிகளில் அதைப் போல வளைவில் ஒட்டிக்கொண்டு ஓடும் இன்னொன்றை நான் ஓட்டியதில்லை, இனியும் ஓட்டுவேன் என்று தோன்றவில்லை. ஆனால் உதிரிப் பாகம் கிடைப்பது வருடா வருடம் கஷ்டமாகிக்கொண்டே போனது. அதோடு, படிக்கிற காலத்தில் பங்சாரில் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று முன்விளக்குகளை மேலே தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த நாளிலிருந்து அந்தக் காடி மனசுக்குள் உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், இனி இரண்டு இருக்கை போதும் என்று என் மனைவியே சொன்ன பிறகு தாமதிக்க ஒன்றுமில்லை.

முதலில் ஒரு பழைய காடி வியாபாரியிடம் விலை கேட்டேன். சுற்றிக்கூடப் பார்க்காமல், "பாஸ், இந்தக் காடிக்கு இப்ப மார்க்கெட் இல்ல, எட்டாயிரம் தரேன்" என்றார். இதை நம்பிவிடாதீர்கள். சாதாரண சத்ரியாவில் ஜிடிஐ என்ஜினைத் தூக்கிப் போட்டு ஜிடிஐ என்று விற்கிற காடிகள் நிறைய சுற்றுகின்றன. அதனால்தான் அசல் ஜிடிஐ தேடுகிறவர்கள் கெரானில் மாடலையும் என்ஜின் எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்கள், அசல் என்று தெரிந்துவிட்டால் நல்ல விலை கொடுப்பார்கள். முதல் உரிமையாளர், மாற்றாத என்ஜின், பழைய சர்வீஸ் ரசீதுகள் என்று மூன்றையும் படத்தோடு போட்டு நானே விளம்பரம் செய்தேன். "லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு" என்று ஒற்றை வரி அனுப்புகிறவர்களுக்குப் பதில் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், உண்மையாக வாங்குகிறவர் நேரில் வருவார். ஈப்போவிலிருந்து ஒரு தம்பி வந்தார். பானெட்டைத் திறந்து கைவிளக்கடித்து என்ஜின் எண்ணைப் படித்தார், தரைவிரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பார்த்தார், ஒரு சுற்று ஓட்டிவிட்டு 26,000 வெள்ளி (ரிங்கிட்) என்றார். சரி என்றேன். முன்பணம் வாங்கி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எழுதி வைத்துக்கொண்டோம்.

பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனைக்குக் கட்டணம் 30 வெள்ளிதான். பழைய காடி வைத்திருப்பவர்கள் போவதற்கு முந்தின நாளே சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் சுத்தம் செய்துவிடுங்கள். இருபது வருட எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் சேர்ந்து என்ஜின் எண் இருந்த இடமே தெரியவில்லை. மெக்கானிக் மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்துத் தேய்த்து ஒவ்வோர் எழுத்தாக வெளியே கொண்டுவந்தார். கம்பித் தூரிகையால் சுரண்டவே கூடாது, எண்ணில் கீறல் விழுந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிடும் என்றார். பரிசோதனை சுலபமாக முடிந்தது.

இனி பெருவிரல் ரேகை வைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்து இரண்டு பேரும் ஜேபிஜேக்குப் போனோம். அந்தத் தம்பி ஈப்போவில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முகப்பில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "என்சிக், இந்தக் காடி மேல இன்னும் பேங்க் உரிமை இருக்கு" என்றார். கடன் 2008இலேயே முடிந்துவிட்டது, கடன் தீர்ந்த கடிதம் இதோ என்று நீட்டினேன். கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். ஆனால் கோரலைப் பதிவு செய்தவர்தான் ரத்து செய்ய முடியும், எங்களால் கை வைக்க முடியாது என்றார். அவர் சொன்னது சரிதான், விதி அப்படி. சாலை வரியும் காப்புறுதியும் வருடா வருடம் ஒரு தடங்கலும் இல்லாமல் புதுப்பித்து வந்ததால் இப்படி ஒன்று உள்ளே உட்கார்ந்திருப்பது தெரிய வழியே இல்லை. சாலை வரி எடுக்க அது தடையில்லை, பெயர் மாற்றும்போதுதான் முன்னால் வந்து நிற்கும்.

எனக்குக் கடன் கொடுத்த நிதி நிறுவனம் இன்றைக்கு இல்லை. 2000ஆம் ஆண்டில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா நாட்டிலிருந்த வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் பத்துப் பெரிய குழுமங்களாக இணைக்கிற வேலையைத் தொடங்கியது நினைவிருக்கும். அதைத் தொடர்ந்து வந்த வருடங்களில் பல நிதி நிறுவனங்கள் வங்கிகளுக்குள் கரைந்துவிட்டன, என்னுடையதும் அதில் ஒன்று. அதை எடுத்துக்கொண்ட வங்கியின் கிளைக்குப் போனேன். அங்கே இருந்த இளைஞர் என் அடையாள அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டத்தில் உங்க பேரில் கணக்கே இல்லை, இல்லாத கணக்குக்கு எதை ரத்து செய்யறது?" என்றார். கணக்கு இல்லையென்றால் கடன் இல்லை, கடன் இல்லையென்றால் கோரலை எடுத்துவிடுங்கள் என்றேன். அது எங்கள் கிளை வேலை இல்லை, வாகனக் கடன் பிரிவுக்குப் போங்கள் என்றார். அந்தப் பிரிவுக்குப் போனால் கடிதம் பழைய நிறுவனத்தின் தலைப்பில் இருக்கிறது, கணக்கு எண்ணும் எங்கள் வடிவத்தில் இல்லை, கிளையிலிருந்து ஒரு மெமோ கொண்டு வாருங்கள் என்றார்கள். கிளையில் மெமோ தர அதிகாரி இல்லை. ஈப்போத் தம்பி போனில், "அண்ணே, வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க, நான் வெயிட் பண்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பொறுமைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். வேறு ஒருவராக இருந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

என் கோபமெல்லாம் அந்த முகப்பு இளைஞர் மேல் இல்லை. பழைய நிறுவனத்தின் கடன்களை எடுத்துக்கொண்ட வங்கி, கடன் தீர்ந்த காடிகளின் கோரல்களையும் சேர்த்துத் தீர்த்து வைத்திருக்க வேண்டாமா? பணம் கட்டியவன் தன் பக்கம் எல்லாவற்றையும் செய்து முடித்திருக்கிறான். பதினைந்து வருடத்துக்கு மேல் எனக்குச் சொந்தமான காடி அரசாங்கப் பதிவில் இன்னொருவர் உரிமையோடு இருந்திருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வழி பிறந்தது எழுத்தால். முகப்பு முகப்பாகப் போய் வாயால் சொல்வதை நிறுத்திவிட்டு, வங்கியின் புகார்ப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். காடி எண், சேசிஸ் எண், பழைய நிதி நிறுவனத்தின் பெயர், கடன் தொடங்கிய தேதி, தீர்ந்த தேதி எல்லாம் ஒரே பக்கத்தில். கடன் தீர்ந்த கடிதத்தின் நகல், கெரான் நகல், ஜேபிஜே பதிவில் கோரல் இருப்பதைக் காட்டும் அச்சு மூன்றையும் இணைத்தேன். கடைசி வரியில், குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் பேங்க் நெகாராவில் பொதுமக்கள் புகாரைக் கேட்கும் பிஎன்எம்லிங்க் பிரிவுக்கு இதையே அனுப்புவேன் என்று எழுதினேன். அதுவரை யாரும் திருப்பிக் கூப்பிடாத எனக்கு ஓர் அதிகாரி தானே போன் செய்தார். பழைய கோப்பு எண்ணை அவரே தேடி எடுத்தார். அப்புறம் கோரலை ரத்து செய்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அதை மட்டும் நம்பாமல் ஜேபிஜேயில் போய்த் திரையில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் ஈப்போவுக்குத் தகவல் சொன்னேன். பி5 அறிக்கைக்குக் காலக்கெடு உண்டு, இந்த மாதிரி இழுத்தடிப்பில் அது காலாவதியாகிவிட்டால் மறுபடியும் பரிசோதனைக்கு நிற்க வேண்டும். அதனால் முதலில் கோரலைப் பாருங்கள், அப்புறம் பரிசோதனை.

பெயர் மாற்றுகிற நாளில் கவனிக்க வேண்டியவை சில. இரண்டு பக்கமும் சம்மன் பாக்கி இருக்கக் கூடாது. வாங்குகிறவர் தன் பெயரில் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். மாற்றக் கட்டணம் 100 வெள்ளி. வெள்ளிக்கிழமை என்றால் 12.15 முதல் 2.45 வரை முகப்பு ஓய்வு, காலையிலேயே போய்விடுங்கள். பணம் வங்கிவழி மாற்றுவதாக இருந்தால் வாங்குகிறவரை முதல் நாளே தினசரி வரம்பை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பணம் கணக்கில் விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் விரல் வைக்க வேண்டும். என் மச்சான் காப்புறுதி முகவர். என்சிடி (இழப்பீடு கோராதவருக்குக் காப்புறுதியில் தரும் கழிவு) காடிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம் என்று நூறு தடவை சொல்லியிருப்பார். அவர் சொன்னபடி பழைய காப்புறுதியை ரத்து செய்து மீதித் தொகையை வாங்கிக்கொண்டேன், 55% கழிவை அடுத்த காடிக்காக வைத்துக்கொண்டேன். எம்எக்ஸ்-5க்குக் காப்புறுதி எடுத்தபோது அந்த 55% எவ்வளவு பெரிய தொகை என்று தெரிந்தது.

எம்எக்ஸ்-5 தேடும்போது முதலில் கண்ணில் பட்டது செராஸில் ஒன்று, நம்ப முடியாத விலை. போய்ப் பார்த்தால் "சம்போங் பாயார்". பெயர் மாற்ற வேண்டாம், மாதத் தவணையை மட்டும் நீங்கள் கட்டினால் போதும் என்கிறார் விற்பவர். தயவுசெய்து இந்தப் பக்கமே போகாதீர்கள். வங்கிக்குத் தெரியாமல் வாடகைக் கொள்முதலில், அதாவது தவணைக் கடனில், இருக்கும் காடியைக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம், விபத்து நடந்தால் காப்புறுதியும் வேறொருவர் பெயரில் இருக்கும், ஒரு நாள் வங்கி வந்து காடியை இழுத்துக்கொண்டு போனால் கேட்க நாதி கிடையாது.

கிடைத்தது பினாங்கில், குளுகோரில். 2018 ஆர்எஃப் (மடங்கித் திறக்கும் கடினக் கூரை வைத்த எம்எக்ஸ்-5), 1,998 சிசி, கையால் மாற்றும் ஆறு கியர். உரிமையாளர் வயதில் மூத்தவர், ஐயா என்றுதான் கூப்பிட்டேன், அவரும் தம்பி என்றே பேசினார். முட்டி வலியால் தாழ்வான காடியில் ஏறி இறங்க முடியவில்லை என்று விற்கிறார். அவருக்கு இன்னும் கடன் பாக்கி இருந்தது. அவர் வங்கியிலிருந்து தீர்வுத் தொகைக் கடிதம் வாங்கி, என் வங்கி அந்தத் தொகையை நேராக அவர் வங்கிக்குக் கட்டி, அங்கே கோரல் ரத்தாகி, பிறகு என் வங்கியின் கோரல் பதிவாக வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. இடையில் வந்த ரன்னர் (தரகர்) ஒருவர், முன்பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போட்டால் வேலை சீக்கிரம் நடக்கும் என்றார். முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டேன். சத்ரியா விற்ற பணம் முன்பணத்துக்குப் போனது. வாடகைக் கொள்முதலில் குறைந்தது 10% கட்டியாக வேண்டும், நான் அதைவிடக் கூடவே கட்டினேன்.

கடனில் எடுப்பதால் பி5 மட்டும் போதாது, பி7 பரிசோதனையும் வேண்டும், அதற்கு 60 வெள்ளி. அங்கேதான் இன்னொரு தடங்கல். 2019 மே மாதத்திலிருந்து பின் கண்ணாடிகள் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் முன் கண்ணாடியில் 70%, முன்பக்க ஜன்னல்களில் 50% வெளிச்சம் ஊடுருவ வேண்டும். இரண்டு இருக்கைக் காடியில் பக்கக் கண்ணாடி இரண்டுமே முன்பக்க ஜன்னல்தானே! ஐயா வெயிலுக்குப் பயந்து நல்ல கறுப்பாக ஒட்டி வைத்திருந்தார். அளவுக் கருவியில் தேறவில்லை. அவர் வீட்டுப் போர்ட்டிகோவில் நீளமான கம்பி இழுத்து, முடி உலர்த்தும் கருவியால் படலத்தைச் சூடாக்கி, மூலையிலிருந்து நகத்தால் கிளப்பி உரித்தோம். மெதுவாக உரித்தால் ஒரே தாளாக வரும், அவசரப்பட்டால் பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். முதல் கண்ணாடி பசையோடு போராடியது, இரண்டாவது அழகாக வந்தது. மறுபரிசோதனையில் தேறியது.

மற்றதெல்லாம் சீராக நடந்தது. ஜேபிஜே செயலியில் என் பெயரின் கீழ் காடி வந்தது, சாலை வரி 379 வெள்ளி, சத்ரியாவுக்குக் கட்டிய 297ஐவிட ரொம்ப அதிகம் இல்லை. பினாங்குப் பாலத்தில் திரும்பி வரும்போது கட்டணம் கிடையாது, தீவுக்குள் போகும்போது மட்டும்தான் 5.74 வெள்ளி. பிளஸ் நெடுஞ்சாலையில் தாப்பா தாண்டியதும் ஓய்விடத்தில் நிறுத்தி முதல் தடவை கூரையைத் திறந்தேன், வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்தில் லாரி ஓட்டுநர் ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஆர்எஃப் வாங்க நினைப்பவர்களுக்கு: போய் உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் தராதீர்கள், கூரை மூடியிருக்கும்போது உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். கூரை திறக்க 13 வினாடி, காடி மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் வேலை செய்யும், அதை மூன்று நான்கு தடவை திறந்து மூடிச் சத்தம் கேளுங்கள். பிறகு ஒரு பாட்டில் தண்ணீரைக் கூரை ஓரத்தில் மெதுவாக ஊற்றி, அது காடிக்கு அடியில் வடிகிறதா என்று குனிந்து பாருங்கள். இலையும் மண்ணும் வடிகால் துளையை அடைத்திருந்தால் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால்தான் போய்ச் சேரும். என் காடியில் இடது பக்கத் துளை அடைத்திருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு ஐயா தோட்டத்து ரம்புத்தான் இலையின் மக்கலை எடுத்த பிறகு நன்றாக வடிகிறது.