சும்மா நிற்கும் வேலை

ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் எங்கள் வண்டியில் ஐந்து பேர். ஓட்டுநர் ஒருவர், மிஷினில் பணம் வைக்கும் கஸ்டோடியன் இருவர், துப்பாக்கியோடு காவல் நிற்கும் கன்மேன் இருவர். அதில் ஒருவன் நான். மத்திய உள்துறை 2018-ல் போட்ட விதி அப்படி. ஒரு நடையில் ஐந்து கோடிக்கு மேல் ஏற்றக் கூடாது, டவுனில் இரவு 9 மணிக்கு மேலும் கிராமத்தில் மாலை 6 மணிக்கு மேலும் மிஷினில் பணம் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அதே விதியில்தான் வருகிறது. இன்னொரு கன்மேனிடம் டபுள் பேரல், இரட்டைக் குழல் நீளத் துப்பாக்கி. ஏடிஎம் அறைக்குள் அந்த நீளத்தைத் திருப்ப முடியாது என்பதால் உள்ளே போகிற எனக்கு .32 ரிவால்வர். கான்பூரில் செய்தது, ஆறு குண்டு. லைசென்ஸ் என் பெயரில், வாங்கியதும் என் காசில்.

காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலை, பெருந்துறை என்று சுற்றுவோம். சனிக்கிழமை மட்டும் திருப்பூர். பனியன் கம்பெனிகளில் அன்றைக்குத்தான் வாரச் சம்பளம். பொழுது சாய்ந்தால் ஏடிஎம் வாசலில் வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். பெட்டியோடு நாங்கள் இறங்கினால் கூட்டம் தானாக விலகி வழிவிடும், பந்தியில் சோற்றுக் குண்டா வரும்போது விலகுவார்களே அந்த மாதிரி.

ஐந்து வருடமாக இந்த வேலை. அந்த ரிவால்வரை நான் உறையிலிருந்து எடுத்தது எண்ணெய் போட்டுத் துடைக்கவும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்காமல் இருக்க மனு எழுதும்போது நம்பரைச் சரிபார்க்கவும்தான். சோளக்காட்டுப் பொம்மைக்கு யூனிஃபார்ம் போட்ட மாதிரி இருக்கிறேன் என்று மகள் சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை. பொம்மை நின்றால் குருவி வராது. சம்பளம் அதற்குத்தான்.

நாலு நாள் கைத்துப்பாக்கிப் பயிற்சிக்குப் போகவேண்டும் என்று ஏஜென்சியில் சொன்னபோது, "எனக்கு எதுக்குங்க?" என்றேன். மெட்ராஸ் ரெஜிமென்டில் பதினேழு வருடம் இருந்தவன். வெலிங்டனில் சேர்ந்த நாள் முதல் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று தொண்டை கிழியக் கத்தினவன். இன்சாஸ் ரைபிளைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றி மாட்டுவேன். ஆனால் கைத்துப்பாக்கி ஆபீசர்கள் இடுப்பில் தொங்கும் சாமான். சர்வீசில் இருந்தவரை அதை நான் சுட்டதில்லை. இதை மேனேஜரிடம் சொல்லவில்லை.

கோயமுத்தூருக்குத் தெற்கே, துப்பாக்கி சுட்டுப் பழகும் ஒரு ரேஞ்ச். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அட்டை டார்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் வேலியில் ஒட்டவைக்கும். மொத்தம் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். நகைக்கடைக் காவலாளிகள், பேங்க் கன்மேன்கள், சொந்த லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு மில் முதலாளி. குறி பார்ப்பதில் முதலாளிதான் முதல். சொன்னதைக் கேட்பதில் அவர்தான் கடைசி.

முதல் நாள் ஒரு குண்டுகூடக் கண்ணில் காட்டவில்லை. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து காலை முழுக்கச் சட்டம் சொன்னார். இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை வந்துவிட்டன. நம்பர்தான் மாறியிருக்கிறது, காப்பாற்றிக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் கேடு செய்யக் கூடாது என்பது அப்படியே இருக்கிறது என்றார். நகைக்கடைக்காரர் ஒருவர் எழுந்து, "பையைப் புடுங்கிட்டு ஓடறானுங்க, சுடலாமுங்களா?" என்று கேட்டார். அதிகாரி அவரையே எழுந்து ஓடச் சொன்னார். கதவுவரை ஓடினார். "இப்ப உங்க முதுகுதான் எனக்குத் தெரியுது. முதுகுல குண்டு இருந்தா கோர்ட்டுல என்ன கேப்பாங்கன்னு நீங்களே யோசிங்க" என்றார். மத்தியானம் முதலுதவி. ரத்தம் கொட்டும் தொடையை எந்த இடத்தில், எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்று ஒருவர் தொடையை ஒருவர் கட்டிப் பார்த்தோம். "அடி கொல்லு" என்று கத்தின வாய்க்கு அன்றைக்கு வேலையே இல்லை.

இரண்டாம் நாள்தான் என் வண்டவாளம் தெரிந்தது. பயிற்சியாளர் சிஆர்பிஎஃப்பில் இருந்து ரிட்டையர் ஆனவர். அதிர்ந்து பேசமாட்டார். பிடி சொல்லிக்கொடுக்க ஒவ்வொருவர் கையாக விரித்துப் பார்த்தவர் என் வலக்கையில் நிறுத்தினார். விரல்களுக்குக் கீழே வரிசையாகக் காய்ப்பு. கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னண்ணா, கன்மேன் கையில மூட்டை தூக்கற காய்ப்பு?"

"தோட்டத்து வேலைங்க" என்றேன். நாற்பது தென்னை இருக்கிறது, அதுவரைக்கும் பொய்யில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

முதலில் குண்டில்லாத துப்பாக்கி. குழல்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ரிகரை இழுக்க வேண்டும். அந்த ட்ரிகர் கனம். கிணற்றில் நிறைகுடத்தை ஒற்றை விரலால் இழுப்பதுபோல இருக்கும். காலையில் இருபது முறை இழுத்து இருபது முறையும் நாணயத்தைப் பொறுக்கினேன். சாயங்காலம் பத்துக்கு ஏழு நின்றது. மிலிட்டரிக்காரன் என்ற நினைப்பு கொஞ்சம் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த வித்தையைக் காட்டினார். எங்கள் ரிவால்வரை நடுவில் மடித்துத் திறந்தால் ஆறு அறையும் தெரியும். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, நாலு நல்ல குண்டும் இரண்டு கோக்காவும் கலந்து போட்டு மூடிக் கையில் கொடுத்தார். கோக்கா என்றால் சுட்டு முடிந்த காலிக் கூடு, ரேஞ்சுப் பாஷை. எந்த அறையில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முதல் குண்டு வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதற்கு 'டிக்' என்ற சத்தம் மட்டும். ஆனால் துப்பாக்கி முனை ஒரு சாண் கீழே போய் நின்றது, வேலிமேல் ஒடக்கான், அதாவது ஓணான், தலையாட்டுகிற மாதிரி. வெடிக்கும் என்று பயந்து கை முன்கூட்டியே அமுக்கியிருக்கிறது. வெடிக்கும்போது அந்த ஆட்டம் அதிர்ச்சியில் மறைந்துவிடும். வெடிக்காதபோதுதான் வெளியே வரும். பதினேழு வருடம் ரைபிள் பிடித்த கை, கையளவு சாமானுக்குப் பயப்படுகிறது. சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை, அடுத்தது தங்கள் முறை என்பதால்.

அன்று சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது ஒரு கோக்கா குறைந்தது. கொடுத்த குண்டுக்குக் கூடு கணக்கு நேராகாமல் ரேஞ்சில் யாரும் டீக்குக்கூடப் போக முடியாது. கொழுக்கட்டைப் புல்லுக்குள் பன்னிரண்டு பேரும் குந்தி, களை எடுப்பதுபோல் வரிசையாகத் தேடினோம். இருட்டுக் கட்டும் நேரத்தில் மில் முதலாளியின் பேன்ட் மடிப்பிலிருந்து அது விழுந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எங்களோடு பழகின அளவுக்கு மற்ற மூன்று நாளில் பழகவில்லை.

மூன்றாம் நாள்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. அமெரிக்காவில் டென்னிஸ் டுல்லர் என்ற போலீஸ்காரர் 1983-ல் ஒரு கணக்கு எழுதினார். கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்கும் ஆள் ஓடிவந்து உங்களைத் தொட ஏறக்குறைய ஒன்றரை நொடி போதும், அதற்குள் துப்பாக்கியை உருவிச் சுட முடிகிறதா பாருங்கள் என்று. பயிற்சியாளர் எங்களுக்கு நீல நிற பிளாஸ்டிக் துப்பாக்கி கொடுத்தார். எதிரே 21 அடியில் இருபது வயதுப் பையன் ஒருவன், கையில் சுருட்டின பேப்பர். அவன் கிளம்பினால் நான் எடுக்கலாம்.

முதல் தடவை துப்பாக்கி உறையில் இருக்கும்போதே பேப்பர் என் வயிற்றில் இருந்தது. இரண்டாம் தடவை பாதி உருவியிருந்தேன். ஆறாவது தடவை ஒதுங்கிக்கொண்டே எடுக்கப் பழகி, ஒரு மாதிரி சமாளித்தேன். பயிற்சியாளர் பக்கத்தில் வந்து, தண்ணீர் நிரப்பின இரும்பு ட்ரங்குப் பெட்டி ஒன்றைக் காலால் தள்ளினார்.

"டூட்டியில எப்படி நிப்பீங்களோ அப்படி நில்லுங்கண்ணா."

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. நான் குனிந்து பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தேன். வலக்கையால். யோசிக்கவே இல்லை. வழக்கமாகப் பிடிக்கிற பக்கம் அதுதான். கைப்பிடி நேராகக் காய்ப்புமேல் போய் உட்கார்ந்தது. பையன் ஓடிவந்தான். பெட்டியைக் கீழே போடுவதற்குள் பேப்பரால் மூன்று முறை குத்திவிட்டுத் திரும்பிப் போய் நின்றான்.

"தென்னை எத்தனை மரம்ணா?" என்றார் பயிற்சியாளர். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எங்கள் கஸ்டோடியன் பையன் ஒல்லி. ஊர் தாராபுரம் பக்கம், டிப்ளமோ படித்தவன். வேலைக்கு வந்த முதல் வாரம் பெட்டியை இறக்கும்போது, "அண்ணா, ஒரு கை புடிங்களேன்" என்றான். பிடித்தேன். பிடிக்காமல் எப்படி இருப்பது? ஒருத்தன் பாரம் சுமக்கும்போது இன்னொருத்தன் பக்கத்தில் கையைத் தொங்கப்போட்டு நிற்பது எங்கள் பக்கத்தில் வசவுக்குச் சமம். மஞ்சள் மூட்டையானாலும் சரி, பிணமானாலும் சரி, முதலில் கை கொடுக்க வேண்டும். "சும்மா நிக்கறான்" என்று பெயர் வாங்கினவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ஆக ஐந்து வருடமாக, அந்த வண்டியில் எந்தக் கை காலியாக இருக்கவேண்டுமோ அந்தக் கையில்தான் பெட்டி. ஏஜென்சிக்கும் இது தெரியும். லோடுமேன் என்று தனியாக ஆள் போட்டால் செலவு. கன்மேன் நல்லவனாக இருந்தால் செலவில்லை.

அன்றிலிருந்து பயிற்சியாளர் எல்லாவற்றையும் இடக்கைக்கு மாற்றச் சொன்னார். செல்போன், வண்டிச் சாவி, டீ கிளாஸ், கடலைப் பொட்டலம் எல்லாம் ஒரட்டாங்கைக்கு. பெட்டி எந்தக் கைக்கும் இல்லை. நிற்கவேண்டிய இடத்தையும் மாற்றினார். ஏடிஎம் அறைக்குள் பையனுக்குப் பின்னால் மிஷினைப் பார்த்து நிற்பேன். அது தப்பு, சுவருக்கு முதுகு கொடுத்துக் கதவைப் பார்க்க வேண்டும். வண்டிக் கதவுக்குப் பின்னால் ஒளிவதும் சினிமாவோடு சரி. குண்டைத் தாங்குவது இன்ஜின் இருக்கிற பக்கம்தான். நாலாம் நாள் சுட்ட மார்க்கில் நான் நாலாவதாக வந்தேன். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

திரும்பி வந்ததும் மேனேஜரிடம், இனிமேல் நான் பெட்டி பிடிக்கமாட்டேன் என்றேன். "ட்ரெயினிங் அனுப்புனது தப்பாப் போச்சுங்களே" என்று சிரித்தார். கேட்டதற்குப் பதில் வரவில்லை. பிறகு ஒரு சக்கரத் தள்ளுவண்டி வந்தது. அது படி ஏறாது. இந்த ஊர் ஏடிஎம்மில் எது படி இல்லாமல் இருக்கிறது?

சொந்தக்காரர்களுக்கு வேறு கேள்வி. 2024 நவம்பரில் பல்லடம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் தாய், தகப்பன், மகன் என்று மூவரைக் கொன்றார்கள். அடுத்த வருடம் ஈரோடு மாவட்டத்துச் சிவகிரியில் ஒரு வயதான தம்பதி. அதன்பிறகு தோட்டத்தில் தனியாக இருக்கும் மாமன் மச்சான் எல்லோரும் என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, லைசென்ஸ் எப்படி வாங்கறது?" என்று கேட்டார்கள். கலெக்டருக்கு மனு, போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, கொடுத்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும் என்று சொல்வேன். இப்போது கூடவே, "துப்பாக்கியை எங்க வெப்பீங்க?" என்றும் கேட்கிறேன். பீரோவில் என்கிறார்கள். பீரோ சாவி? அத்தையிடம். நான் அந்தப் பேப்பர்க்காரப் பையனைப்பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் மாமனுக்குக் கோபம் வருகிறது. "அப்ப என்னத்தத்தான் பண்ணச் சொல்ற?" என்கிறார். வாசலுக்கு விளக்கு, கம்பிக்கதவு, நல்ல நாயாக இரண்டு என்று சொல்லிவிட்டு வருகிறேன். எனக்கே அது போதாது என்று தெரியும். எழுபது வயதில் இருட்டில் தனியாக இருக்கிறவருக்கு வேறென்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெள்ளகோவில் ரோட்டில் ஒரு ஏடிஎம். பக்கத்தில் இளநீர் விற்கும் அக்கா எங்களை ஐந்து வருடமாகப் பார்க்கிறது. பயிற்சி முடிந்து வந்த முதல் நடை. பையன் பெட்டியோடு படியேறத் திணறினான். நான் சுவரோரம் கதவைப் பார்த்துக் கம்மென்று நின்றேன்.

"ஏனுங்ணா, அந்தப் பையன் ஒத்தையில கெடந்து திண்டாடறான். ஒரு கை புடிச்சாத்தான் என்னுங்?"

சட்டமும் 21 அடியும் அக்காவிடம் எப்படிச் சொல்வது? "கை சுளுக்குங்கக்கா" என்றேன். அச்சச்சோ என்றது.

அடுத்த வாரம் நாங்கள் இறங்கும்போதே ஒரு குவார்ட்டர் பாட்டிலோடு எழுந்து வந்தது. "ஆமணக்கெண்ணெயில பூண்டு போட்டுக் காச்சினதுங்ணா. ராத்திரி சூடு பண்ணித் தேய்ச்சுட்டுப் படுங்க" என்று நீட்டியது. பையன் உள்ளே மிஷினைத் திறந்துகொண்டிருந்தான். ரோட்டில் இரண்டு பைக் வந்து நின்றது. நான் இடக்கையை நீட்டினேன்.

அக்கா பாட்டிலை விடாமல் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பெரியவர்கள் கொடுப்பதை ஒரட்டாங்கையில் வாங்குகிற ஆளா நான் என்று அந்த முகத்தில் இருந்தது. பிறகு தானாகவே தெளிந்தது.

"சோத்தாங்கையிலீங்களா சுளுக்கு?"

"ஆமாங்கக்கா" என்றேன்.