பூண்டு மூட்டைக்குப் பின்னால்

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பூண்டுக்குத் தாள் கிள்ளிக்கொண்டிருந்தோம். அக்கா மகனுக்கு 14 வயது. மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து புது போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"ஏதுடா?"

"ஒரு அண்ணன் குடுத்தாரு மாமா."

திட்டியிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டான். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மூட்டை முடிவதற்குள் எல்லாம் வந்துவிட்டது. முதலில் புரோட்டா வாங்கிக் கொடுத்தார்களாம். அப்புறம் போன். அப்புறம் டென்ட்டில் தங்க வருகிற டூரிஸ்ட்டுகளிடம் ஒட்டிய கவரைக் கொடுத்துவிட்டு வந்தால் 300 ரூபாய். போன வாரம் ஒரு கவரை யாரோ வழிமறித்துப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது 4,000 ரூபாய் கடனாம், இன்னும் கவர் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டுமாம். பிடுங்கியதும் அந்த அண்ணனின் ஆள்தான் என்பது என் சந்தேகம்.

"என்னைத்தான போலீஸ் பிடிக்கும்?" என்று கேட்டான். விரல் நடுங்கியது. சிறார் நீதிச் சட்டம் 2015, 78-வது பிரிவை எடுத்துக் காட்டினேன்: போதைப்பொருள் கொண்டுபோக, விற்கச் சிறுவர்களைப் பயன்படுத்துகிறவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். இரண்டு முறை படித்தான்.

அன்று மாலையே அக்காவை உட்கார வைத்து குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினோம். போனில் எதையும் அழிக்கவில்லை, மிரட்டல் குரல் பதிவெல்லாம் அதில்தான் இருக்கிறது. பள்ளிக்கூட பஸ் வரை இப்போது நானும் கூடவே நடக்கிறேன்.