ரயில் வலது பக்கம் ஓடும் ஊர்

பிரான்சில் ரயில்கள் இடது தடத்தில் ஓடும். ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சாஸிலும் பக்கத்து மொசெலிலும் மட்டும் வலது தடம். பாரிஸில் ஆறு வருடம் இருந்துவிட்டு அல்சாஸின் பெரிய நகரமான ஸ்ட்ராஸ்பூருக்கு வேலை மாறி வந்த எனக்கு இதைக் காட்டியவர் ஒரு பாட்டி. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அவருடைய அறை ஜன்னலில் இருந்து தண்டவாளம் தெரியும். ஒரு நாள் மதியம் சூப் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "பார், வண்டி இன்னும் பிஸ்மார்க் சொன்ன பக்கத்திலேயே போகிறது" என்றார்.

1871இல் அல்சாஸ், பிஸ்மார்க் தலைமை அமைச்சராக இருந்த ஜெர்மனியின் கைக்குப் போனது. சிக்னல்களும் நிலையங்களும் அவர்கள் வழக்கப்படி வலது ஓட்டத்துக்கு அமைந்தன. 1918இல் பிரான்சு திரும்பப் பெற்ற பிறகும் அப்படியே விட்டுவிட்டார்கள். பழைய எல்லை இருந்த இடத்தில் ஒரு தடம் மேலேறி இன்னொன்றைத் தாண்டிப் பக்கம் மாறிக்கொள்கிறது. புனித வெள்ளிக்கு எனக்கு விடுமுறை, பாரிஸில் இருக்கும் என் தங்கைக்குக் கிடையாது. அதுவும் அந்தக் காலத்து மிச்சம்தான்.

பாட்டி 1930இல் பிறந்தவர். அவருடைய பாட்டி 1866இல், பிரெஞ்சுக் குடிமகளாகப் பிறந்தார். 1871இல் ஜெர்மானியர், 1918இல் பிரெஞ்சுக்காரர், 1940இல் மறுபடி ஜெர்மானியர், 1944 நவம்பரில் பிரெஞ்சுத் தளபதி லெக்லேரின் படை நகருக்குள் வந்ததும் மறுபடி பிரெஞ்சுக்காரர். இத்தனைக்கும் ஒரு தடவைகூட வீடு மாறவில்லை. அதே அடுப்பு, அதே கிணறு.

'அதிகாரச் சமநிலை' என்று வரலாற்றுப் புத்தகங்களில் படிக்கும்போது எனக்குக் காரைக்காலில் அப்பா வைத்திருந்த மளிகைக் கடைதான் நினைவுக்கு வரும். தராசு முள் ஒரு பக்கம் சாய்ந்தால் சின்னப் படிக்கல் ஒன்றை எடுப்பார், இன்னொன்றை வைப்பார், முள் நேராக நிற்கும். ஐரோப்பிய அரசுகளின் தராசில் அந்தச் சின்னப் படிக்கல்லாக இருந்தது அல்சாஸ். படிக்கல்லுக்குள் மனிதர்கள் குடியிருந்தார்கள் என்பதைப் பாட்டியைச் சந்திக்கும்வரை நான் யோசித்ததில்லை.

1681இல் பதினான்காம் லூயியின் படை ஸ்ட்ராஸ்பூரைச் சூழ்ந்து பணிய வைத்தது. அன்று பிரான்சின் கை ஓங்கியிருந்தது. நெப்போலியன் தோற்ற பிறகு, 1815இல், அல்சாஸைப் பறித்தே தீர வேண்டும் என்று பிரஷ்யா கேட்டது. பிரிட்டனும் ரஷ்யாவும் ஒத்துக்கொள்ளவில்லை. பிரான்சை அளவுக்கு மீறி நசுக்கினால் முள் மறுபக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஊர் தப்பியது.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது அப்படித் தடுத்து நிறுத்த யாரும் இல்லை. ஆஸ்திரியா நான்கு வருடம் முன்புதான் பிரஷ்யாவிடம் தோற்றிருந்தது. பிரிட்டன் ஒதுங்கி நின்றது. ரஷ்யா, இதுதான் சமயம் என்று, கருங்கடலில் தன் கடற்படைக்கு இருந்த தடையை உதறியது. ஆகஸ்ட் 24ஆம் தேதி இரவு குண்டு விழுந்து ஸ்ட்ராஸ்பூர் நகர நூலகம் எரிந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஒரு கன்னிமாடத்தில் உருவான, படங்கள் நிறைந்த கையெழுத்துப் பிரதி ஒன்று அதில் சாம்பலானது. பிறர் முன்பே எடுத்து வைத்த நகல்களில்தான் இன்று அந்தப் படங்களைப் பார்க்க முடிகிறது. செப்டம்பர் 28இல் நகரம் சரணடைந்தது. அடுத்த ஜனவரியில் வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டது. அப்போது 4 கோடியை ஒட்டி இருந்த ஜெர்மனியின் மக்கள்தொகை 1910இல் சுமார் 6.5 கோடி. பிரான்சோ 3.6 கோடியிலிருந்து 3.9 கோடியைத்தான் எட்டியது. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு மாற்றம்.

1918இல் பிரான்சு திரும்பி வந்ததும் எல்லாம் சுகமாக முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்று பார்த்து ஏ, பி, சி, டி என்று அட்டை கொடுத்தார்கள். ஏ அட்டை பழைய அல்சாஸ் குடும்பங்களுக்கு, டி அட்டை ஜெர்மனியிலிருந்து வந்தவர்களுக்கு. பாட்டியின் சித்திக்கு ஏ, கணவருக்கு டி. கணவர் ஒரு பெட்டியோடு ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். சித்தியும் பின்னாலேயே போய்விட்டார்.

1940க்குப் பிறகு நடந்ததைப் பாட்டி மெதுவாகத்தான் சொல்வார். பள்ளியில் பிரெஞ்சு பேசக் கூடாது. பெயர்களை ஜெர்மன் வடிவத்துக்கு மாற்ற வேண்டும், ழான் என்பவர் ஹான்ஸ். பெரே என்ற பிரெஞ்சுத் தொப்பி போட்டால்கூட அபராதம். பாட்டியிடம் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஒன்றின் அட்டையில் பிரெஞ்சுப் பெயர், மற்றதில் ஜெர்மன் பெயர். கையெழுத்து ஒன்றே, பத்து வயதுக் கையெழுத்து. 1942 ஆகஸ்டில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. அல்சாஸிலும் பக்கத்து மொசெலிலும் சுமார் 1,30,000 பேரைப் பிடித்து ஜெர்மன் சீருடை மாட்டினார்கள். பாட்டியின் அண்ணன் 1924இல் பிறந்தவர். ரஷ்யாவில் பிடிபட்டு தம்போவ் முகாமில் இருந்துவிட்டு 1945 இலையுதிர் காலத்தில் திரும்பினார். அப்புறம் சாகும்வரை வீட்டில் யாரும் ரொட்டித் துண்டைக் கீழே போட அவர் விட்டதில்லை.

ரெபுப்ளிக் சதுக்கத்தில் 1936இல் வைத்த ஒரு நினைவுச் சிலை இருக்கிறது. தாய் ஒருத்தி, சாகும் இரண்டு மகன்களைத் தாங்கியிருக்கிறாள். ஒருவன் பிரான்சுக்காக, ஒருவன் ஜெர்மனிக்காகச் செத்தவன். இருவர் உடம்பிலும் துணி இல்லை, சீருடை இல்லை, யார் எவன் என்று சொல்ல முடியாது. கீழே 'எங்கள் இறந்தவர்களுக்கு' என்று மட்டும். மற்ற ஊர்களில் இருப்பதுபோல் 'பிரான்சுக்காக' என்ற சொல் இல்லை. வேலை முடிந்து போகிற வழியில் அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன்.

ராபர்ட் ஷூமானும் இப்படிப்பட்ட எல்லைக்காரர்தான். லக்சம்பர்க்கில் 1886இல் ஜெர்மன் குடிமகனாகப் பிறந்து, 1919இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போனவர். 1950 மே 9இல் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சராக அவர் சொன்ன யோசனை, அடுத்த ஆண்டு ஆறு நாடுகளின் ஒப்பந்தமாயிற்று. துப்பாக்கி செய்ய வேண்டிய நிலக்கரியும் எஃகும் இனி யாருக்கும் தனிச் சொத்து இல்லை, பொது நிர்வாகம். படிக்கல்லை நகர்த்தாமல் தராசையே பொதுவில் வைத்த யோசனை அது. இத்தனை நூற்றாண்டில் இந்த மண்ணுக்கு நடந்த ஒரே நல்ல காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2017இல் ஸ்ட்ராஸ்பூரின் 'டி' வழித்தட டிராம் ரைனைத் தாண்டி ஜெர்மனியின் கேல் வரை ஓடத் தொடங்கியது. அந்த மே மாதம் பாட்டியைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனேன். பாலத்தின் நடுவில், "இப்போது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. கேலில் ஒரு பேக்கரியில் அவர் அல்சாஸ் மொழியில் கேட்டார், கடைப் பெண் ஜெர்மனில் பதில் சொன்னாள், பிரெட்சல் வந்தது.

பாட்டி போய் மூன்று வருடம் ஆகிறது. முள் மறுபடி ஆடுகிறது. உக்ரைன் போருக்குப் பிறகு கனம் கிழக்கே நகர்ந்திருக்கிறது. போலந்து தன் மொத்த உற்பத்தியில் 4 சதவீதத்துக்கு மேல் ராணுவத்துக்குச் செலவிடுகிறது. பின்லாந்தும் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்துவிட்டன. ராணுவத்துக்காகக் கடன் வாங்க 2025 மார்ச்சில் ஜெர்மனி அரசியல் சட்டத்தையே திருத்தியது. 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் அது சோதனை வைத்திருக்கிறது.

போன சனிக்கிழமை சோப்புத்தூள் வாங்க கேலுக்குப் போனேன். பாலம் தாண்டியதும் முதல் நிறுத்தத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். என் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு எதிர் இருக்கையில் ஒரு பெரியவர், கோட்டின் ஒவ்வொரு பையாக அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். டிராம் கதவைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது.