பச்சை விளக்கை மட்டும் நம்பாதீர்கள்

நேற்று விடிய நாலரை. நல்லூர்க் கோயில் மணி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. "அண்ணை, தளம் திறக்குதில்லை" என்றான் கூட வேலை செய்யும் தம்பி. பார்த்தால் மூன்று சேர்வர்களும் பச்சை. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 502 பிழை, அதாவது பின்னாலிருக்கும் சேர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை.

அமேசான் கிளவுட்டில் சேர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைத்து, பழுதானதை மாற்றுவது ஆட்டோ ஸ்கேலிங் குழு. அது, நாங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், மெஷின் ஓடுகிறதா என்றுதான் பார்க்கும். உள்ளே அப்ளிகேஷன் செத்துக் கிடந்தாலும் அதற்குத் தெரியாது. வருபவர்களைச் சேர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர், அப்ளிகேஷன் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக்கையும் கணக்கில் எடு என்று நாங்கள்தான் அமைப்பில் போட வேண்டும். அப்புறம்தான் பழுதானதைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றும். எங்கள் அமைப்பில் அது போடப்படவே இல்லை; உடனே போட்டேன்.

அதோடு கிரேஸ் பீரியட், அதாவது புதிய சேர்வர் எழும்பும்வரை செக் முடிவைக் கணக்கில் எடுக்காமல் விடும் நேரம். எங்கள் அப்ளிகேஷன் எழும்பவே இரண்டரை நிமிடம் வேண்டும். 60 நொடி வைத்தால், பாவம், எழும்ப முன்னமே அதைக் கொன்றுவிட்டு அடுத்ததை ஏற்றும், அதையும் கொல்லும். இப்படியே விடிய விடிய நடக்கும். 300 நொடி வைத்தேன்.

தம்பி தங்கச்சிமாருக்கு இன்னொன்று: ஹெல்த் செக் திறந்து பார்க்கும் பக்கத்தில் டேட்டாபேஸைத் தொடாதீர்கள். டேட்டாபேஸ் ஒரு நிமிடம் திணறினால் நல்ல சேர்வர்களும் பழுதென்று கணக்காகி ஒரேயடியாகப் போய்விடும்.

பின்னேரம் ஒரு சேர்வரில் அப்ளிகேஷனை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தோம். 30 நொடிக்கு ஒரு செக், இரண்டு தரம் தவறியதும் சிவப்பு. கொஞ்ச நேரத்தில் புதியது வந்து நின்றது. தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு.