ஒற்றைக் குதிரைக்கு ஒரு முழுப் புள்ளி

யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு திறந்த ரேபிட் (குறைந்த நேர) செஸ் போட்டியில் நடுவர் எனக்குத் தந்த தீர்ப்பு பிழையானது. மேல்முறையீடு செய்து அதை மாற்றினேன். இங்கே விளையாடுகிற பலர் "சேர் சொல்லிப்போட்டார், விடுங்கோ" என்று எழும்பிப் போய்விடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆளுக்கு 25 நிமிடம், நகர்த்தலுக்கு 10 வினாடி கூடுதல். எதிரே உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி, கெட்டிக்காரன். கடைசியில் என்னிடம் வெள்ளை ராஜாவும் ஒரு குதிரையும். அவரிடம் கறுப்பு ராஜாவும் எச்5 கட்டத்தில் ஒரு சிப்பாயும். சிப்பாயை ராணியாக்க வழி தேடி யோசித்துக்கொண்டே இருந்தார், அவருடைய நேரம் முடிந்துவிட்டது. நான் மணிக்கூட்டை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிட்டேன்.

அவர் பலகையை ஒருமுறை பார்த்தார். "ஒரு குதிரையால மேட் பண்ண ஏலாது. சமநிலை." மேட் என்றால் ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்குவது. தம்பி காய்களை அடுக்கக் கை நீட்டினார். "கொஞ்சம் பொறுங்கோ தம்பி, காயைத் தொடாதேங்கோ" என்றேன். ரேபிட்டில் நகர்த்தல்களை எழுதுவது கட்டாயமில்லை. பலகை கலைந்தால் சாட்சியே கிடையாது, கைபேசியும் உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால் காய்கள் நின்ற இடங்களை ஒரு தாளில் எழுதி, நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

அப்புறம் எந்த விதிப்படி என்று மரியாதையாகக் கேட்டேன். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 6.9 தெளிவாகவே சொல்கிறது: நேரம் முடிந்தவர் தோற்றார், ஆனால் விதிக்கு உட்பட்ட எந்த நகர்த்தல் வரிசையாலும் எதிராளி மேட் பண்ணவே முடியாது என்றால் சமநிலை. நேரம் முடிந்தவர் எவ்வளவு மோசமாக ஆடினால் அந்த மேட் வரும் என்பதெல்லாம் கணக்கில் வராது, ஒரு வழி இருந்தால் போதும். தனி ராஜாவுக்கு எதிரே ஒற்றைக் குதிரை நின்றால் வழியே இல்லை. சிப்பாய் இருந்தால் அந்தச் சிப்பாயே தன் ராஜாவை அடைத்துவிடலாம். செஸ்.கொம் தளத்தில் இதே நிலை சமநிலையாகத்தான் முடியும், ஏனென்றால் அவர்கள் பின்பற்றுவது அமெரிக்க முறை. இணையத்தில் ஆடிப் பழகியவர்கள் குழம்புவது அதனால்தான். ஆனால் ஃபிடே விதிப்படி நடக்கும் போட்டியில் அது செல்லாது.

தலைமை நடுவரும் முதல் தீர்ப்பையே சரி என்றார். நான் விடவில்லை. போட்டி ஒழுங்குவிதி வேறாகச் சொல்லாதவரை நடுவரின் எந்தத் தீர்ப்பையும் எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், ஆட்டத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும்கூட. அது விதி 11.10. எழுத்தில் கொடுத்து, வைப்புப்பணமும் கட்டினேன். அடுத்த சுற்றுக்கு ஜோடி போடுவதற்கு முன் கொடுப்பதுதான் புத்தி. போட்டபிறகு யாருக்கும் அதைக் குலைக்க மனம் வராது.

மேல்முறையீட்டுக் குழுவின் முன்னால் நான் அதிகம் கதைக்கவில்லை, காய்களை வைத்துக் காட்டினேன். கறுப்பு ராஜா எச்1, அவருடைய சிப்பாய் எச்2, என் ராஜா எஃப்1. குதிரை ஜி3க்கு வந்தால் செக். ஜி1, ஜி2 இரண்டையும் என் ராஜா காக்கிறது, எச்2இல் சொந்தச் சிப்பாய். மேட். தீர்ப்பை மாற்றி எனக்கு முழுப் புள்ளி தந்தார்கள். வைப்புப்பணமும் திரும்பி வந்தது.

வெளியே தம்பியின் அப்பா, "மேட் பண்ணாமல் புள்ளி எடுக்கிறது நியாயமோ அண்ணை?" என்று கேட்டார். நியாயம்தான் என்றேன், இன்றைக்கும் அதையே சொல்வேன். மணிக்கூடும் ஆட்டத்தில் ஒரு பகுதி. என் நேரம் முடிந்திருந்தால் அவருடைய மகனுக்குத்தான் வெற்றி, அதை நான் மறுத்திருக்க மாட்டேன்.

தொட்ட காயையே நகர்த்த வேண்டும் என்ற விதியை மீறும் பிரச்சினைக்கு மட்டும் இந்த வழி உதவாது, பலகையில் அடையாளம் எதுவும் இருக்காது. எதிராளி ஒரு காயைத் தொட்டுவிட்டு வேறொன்றை நகர்த்தினால், உங்கள் காயை நகர்த்தக் கை வைப்பதற்கு முன்பே நடுவரைக் கூப்பிடுங்கள். கை வைத்துவிட்டால் முறையிடும் உரிமை போய்விடும்.