என்.எல்.சி.யில் ஃபிட்டர் அப்ரண்டிஸ்: விண்ணப்பம் முதல் சுரங்கம் வரை

ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்த கையோடு, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் அப்ரண்டிஸுக்கு (தொழிற்பழகுநர் பயிற்சி) போட்டேன், கிடைத்தது. இப்போது ஊர்ப் பிள்ளைகள் நிறைய பேர் அதைப் பற்றிக் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் மத்திய அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிந்து எண் வாங்க வேண்டும். அப்புறம் நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பம். அதோடு முடிந்துவிடாது. நான் போட்டபோது அதைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, சான்றிதழ் நகல்களோடு கடைசித் தேதிக்குள் நெய்வேலி 20-வது வட்டத்தில் உள்ள பயிற்சி மையத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். எழுத்துத் தேர்வு கிடையாது. மதிப்பெண்தான் எல்லாம்.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு முன்பே ஒரு வேலை செய்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஐ.டி.ஐ. சான்றிதழ், ஆதார், பேங்க் பாஸ்புக் நான்கையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால் ஆதாரை இப்போதே திருத்துங்கள். உதவித்தொகை வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அங்கேயும் இதே பெயர்தான் வேண்டும்.

மருத்துவத் தகுதி, ஒப்பந்தம், பாதுகாப்பு வகுப்பு எல்லாம் மளமளவென்று முடிந்தன. சுரங்கத்தில்தான் நிஜமான படிப்பு. நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். சக்கரத்தைச் சுற்றி வாளிகள் கொண்ட பக்கெட் வீல் இயந்திரம் மேல்மண்ணை அள்ளி அள்ளி, ஓடும் பெல்ட்டான கன்வேயரில் கொட்டும். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருப்பதால் ராட்சத பம்புகள் ராப்பகலாக ஓடியாக வேண்டும். வெட்டிய கரியைக் கையில் எடுத்தால் ஈரம் தெரியும், எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர். அந்தக் கரியே கொஞ்ச நாள் குவிந்து கிடந்தால் தானாகச் சூடேறிப் புகையும்!

என்னை கன்வேயர் பராமரிப்பில் போட்டார்கள். சீனியர் டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் பெல்ட் ஓரமாக நடத்திக் கூட்டிப்போய், "கண்ணால பாக்காத தம்பி, காதால கேளு" என்றார். பெல்ட்டைத் தாங்கும் ரோலர் நன்றாக இருந்தால் ஒரே சீராக ஓடும். பேரிங் போனது கரகரவென்று இழுக்கும். அதை விட்டுவிட்டால் ரோலர் நின்று, பெல்ட் உரசிச் சூடேறி, படிந்திருக்கும் கரித்தூள் தீப்பிடிக்கும். வேலை தொடங்குவதற்கான பெர்மிட் வாங்காமல், மின்சாரம் துண்டித்ததை உறுதி செய்யாமல் அவர் ஸ்பேனரைத் தொடவே விடமாட்டார். எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு கற்றுத்தரவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்ரண்டிஸ் முடித்தால் நிரந்தர வேலை என்று உறுதி இல்லை, 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டமும் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். ஆனால் கடைசியில் நடக்கும் அகில இந்தியத் தொழில் தேர்வை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதில் தேறினால்தான் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். பெல் (BHEL) நிறுவனத்தின் ஆர்டிசன் எனும் தொழில்நுட்பத் தொழிலாளர் வேலைக்கு ஐ.டி.ஐ.யோடு அதையும் கேட்கிறார்கள்.