மோட்டார்ஹோம் ஃபிரிட்ஜும் அத்தையின் இன்சுலினும்

2024 ஜூனில் அமெரிக்காவின் லாஸ் வேகஸில் ஒரு மோட்டார்ஹோமை, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டியை, வாடகைக்கு எடுத்து ஸயான், பிரைஸ் கேன்யன், பேஜ், கிராண்ட் கேன்யன் என்று ஒரு வட்டம் அடித்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஈரோட்டிலிருந்து வந்திருந்த அத்தை. அத்தைக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறவர். உடைக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனால் தூக்கித்தான் போட வேண்டும். உடைத்து உபயோகத்தில் இருப்பது, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் தாங்கும். ஆனால் ஜூனில் நெவாடாவில் 30 டிகிரி என்பது விடியற்காலையில் கிடைத்தால் உண்டு. மாவு புளித்தால் ஊத்தப்பம் சுட்டுச் சமாளித்துவிடலாம். இன்சுலின் கெட்டால் அந்தப் பாலைவனத்தில் மருந்துக் கடையைத் தேடி எத்தனை மைல் ஓடுவது?

அதனால் இது ஃபிரிட்ஜைப் பற்றிய பயணக் கட்டுரை. பாறைகளும் வரும், நடுநடுவே.

வண்டியை ஒப்படைத்தவர் கழிவுநீர்க் குழாயைப் பற்றி இருபது நிமிடம் விளக்கினார். ஃபிரிட்ஜுக்கு ஒரே வரி: "ஆட்டோவில் விட்டுவிடுங்கள், அதுவே பார்த்துக்கொள்ளும்." அது பார்த்துக்கொள்ளும்தான். வெளியிலிருந்து 120 வோல்ட் கரன்ட் வந்தால் கரன்டில் ஓடும், கரன்ட் போனால் தானாகவே புரொப்பேன் கேஸைப் பற்ற வைத்துக்கொள்ளும். அந்தத் தானாகவே என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் இருக்கும். நாங்கள் எடுத்தது போன்ற வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது வேறு சாதி. அம்மோனியாவும் தண்ணீரும் கலந்த கரைசலைச் சூடாக்குகிறார்கள். அம்மோனியா ஆவியாகி மேலே போய், குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் வாயு நிறைந்த குழாய்க்குள் இறங்கி மறுபடி ஆவியாகும்போது உள்ளேயிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு தண்ணீரில் கரைந்து திரும்ப அடுப்புக்கு வந்துவிடுகிறது. மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. 1922-ல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பால்ட்ஸார் வான் பிளாட்டன், கார்ல் மன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கியது. குளிர வைப்பதற்குச் சூடு வேண்டும் என்றதும் என் மகன் நம்பவில்லை. வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து நீல நிறத் தீயைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டான்.

கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் வண்டிச் சுவருக்குள் ஒரு சுடர் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இதைத் தலையில் ஏற்றிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இந்த வகை ஃபிரிட்ஜ்களில் கொதிகுழாய் விரிசல் விட்டுத் தீப்பிடிக்கலாம் என்று 2006-ல் இவற்றைத் தயாரிக்கும் டொமெட்டிக் நிறுவனம் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிரிட்ஜ்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அந்தச் சரிசெய்தல் நடந்ததா என்று முதலில் கேட்பது நல்லது. ஃபிரிட்ஜின் பின்பக்கம் மஞ்சளாகத் தூள் படிந்திருந்தாலோ, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டியதுதான், பேச்சே இல்லை.

இன்னொன்று, இது மெதுவாகக் குளிரும். ஒரு இரவு முழுக்க ஓடினால்தான் உள்ளே சில்லென்று ஆகும். நாங்கள் முன்னாலேயே கேட்டுக்கொண்டதால் முந்தைய நாள் மாலையே போட்டு வைத்திருந்தார்கள். தயிர், பால், மாவு எல்லாம் ஹோட்டல் ஃபிரிட்ஜில் குளிர வைத்து அப்படியே மாற்றினோம். சூடான சாமானை அடுக்கிவிட்டு ஃபிரிட்ஜைத் திட்டிப் பயனில்லை. ஐம்பது ரூபாய் தெர்மாமீட்டர் மாதிரி ஒன்றை, இங்கே பத்து டாலர், இன்சுலின் டப்பாவுக்குள்ளேயே வைத்தோம். திரை மட்டும் வெளியே ஒட்டியிருக்கும், கதவைத் திறக்காமலே பார்க்கலாம்.

வண்டியை ஓட்டும்போது என்ன செய்வது என்பதில் அமெரிக்கர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி கேஸைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டும். "முப்பது வருஷமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது அவர்கள் வாதம். நான் மற்ற கட்சி. விபத்தில் குழாய் அறுந்தால், சிலிண்டர் வால்வு திறந்திருக்கும்போது கசிவு பெரிதாகும், பற்ற வைக்கப் பக்கத்திலேயே சுடரும் இருக்கும். இந்த ஆபத்தை எதற்காக ஏற்க வேண்டும்? நன்றாகக் குளிர்ந்த ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் தாங்கும். கரன்ட் போன வீட்டு ஃபிரிட்ஜுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கும் அதுதான். எங்கள் வழியில் ஒரே மூச்சில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டிய இடமே இல்லை. காலையில் கிளம்பும் முன் சிலிண்டர் வால்வை மூடுவது என் வேலை, ஃபிரிட்ஜை அணைப்பது மனைவியின் வேலை, வழியில் யாரும் திறக்காமல் காவல் காப்பது அத்தையின் வேலை. தண்ணீர் பாட்டில்களையும் தின்பண்டங்களையும் தனி ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டதால் பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கம் போகக் காரணமில்லை.

நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. வண்டியிலேயே ஜெனரேட்டர் இருந்தால் ஓடும்போது அதைப் போட்டு ஃபிரிட்ஜைக் கரன்டில் வைக்கலாம். அது வண்டியின் பெட்ரோல் டாங்கிலிருந்தே குடிக்கும், டாங்க் கால்வாசிக்கு இறங்கினால் தானாக நின்றுவிடும். 12 வோல்ட்டிலும் ஓடும் மூன்று வழி ஃபிரிட்ஜ்கள் இருக்கின்றன. ஆனால் அவை 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் அது சரிப்படும். நின்ற பிறகு மறந்துவிட்டால் 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி சில மணி நேரத்தில் படுத்துவிடும்.

பெட்ரோல் பங்க் விஷயத்தில் இரண்டு கட்சிக்கே இடமில்லை. ஆட்டோவில் விட்ட ஃபிரிட்ஜ், பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கும்போது அது பாட்டுக்குப் பொறி விட்டுப் பற்றும். அந்தச் சுடர் இருக்கும் சின்னக் கதவு வண்டியின் வெளிச்சுவரில், தரையிலிருந்து அதிக உயரமில்லாமல் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து வரும். பங்குக்குள் நுழையும் முன்பே ஃபிரிட்ஜ், தண்ணீர் ஹீட்டர், ஜெனரேட்டர் மூன்றும் அணைந்திருக்க வேண்டும். செயின்ட் ஜார்ஜில் எங்களுக்கு முன்னால் நின்ற வண்டியில் ஜெனரேட்டர் சாவகாசமாக உறுமிக்கொண்டிருந்தது. நான் அடுத்த பங்குக்குப் போய்விட்டேன்.

ஸயானில் வாட்ச்மேன் என்ற பெயருள்ள முகாமில் கரன்ட் உள்ள இடம் கிடைத்தது. அங்கே ஜெனரேட்டருக்கு அனுமதி இல்லை, அதனால் கரன்ட் இடத்துக்கு அடிபிடி. முகாமின் கரன்ட் கம்பத்தில் செருகுவதற்கும் ஒரு வரிசை உண்டு: பிரேக்கரை அணைத்து, சோதனைக் கருவியைச் செருகி, பிரேக்கரைப் போட்டுப் பார்த்து, எர்த் இருக்கிறது, ஒயர்கள் இடம் மாறவில்லை (போலாரிட்டி) என்று விளக்கு சொன்னால் மறுபடி அணைத்து வண்டி ஒயரைச் செருகி, கடைசியில் போடுவது. எர்த் இல்லாத கம்பத்தில் செருகினால் ஏதாவது கசிவு இருக்கும் வண்டியின் உடம்பே ஷாக் அடிக்கலாம், படியில் கால் வைக்கும்போது தெரியும்.

பாறைகள் சிவந்து நிற்கும் அந்தப் பள்ளத்தாக்கில் வெயில் 40-ஐத் தாண்டியது. இந்த வகை ஃபிரிட்ஜுக்கு வெளிச்சூடு ஆகாது, பின்னால் இருக்கும் குழாய்கள் வெப்பத்தை விட இடம் வேண்டும். மாலை வெயில் ஃபிரிட்ஜ் பக்கச் சுவரில் அடிக்காதபடி வண்டியைத் திருப்பி நிறுத்தியதில் உள்ளே 3 டிகிரி குறைந்தது. "வண்டியைத் திருப்பினதுக்கே இத்தனைங்களா மாப்பிள்ளை!" என்று அத்தைக்கு ஆச்சரியம்.

நிறுத்தும்போது மட்டமும் முக்கியம். கரைசல் தன் பாரத்தால்தான் குழாய்க்குள் இறங்கி ஓடுகிறது. வண்டி சாய்ந்திருந்தால் ஒரு மூலையில் தேங்கி, சூடு மட்டும் ஏறி, துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்த உப்பு கட்டிதட்டிக் குழாயை அடைத்துவிடும். அடைத்தால் அடைத்ததுதான், மொத்தக் குளிர்ப்பகுதியையே மாற்ற வேண்டும். பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின் 6 டிகிரிக்குள் என்று பல மாடல்களின் கையேடுகளில் இருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் சின்னதாக ஒன்றை ஃப்ரீஸர் தரையில் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொடுத்தோம். ஓடும்போது குலுங்கிக்கொண்டே இருப்பதால் சாய்வு பொருட்டில்லை. அணைத்து வைத்திருந்தாலும் கவலையில்லை. சரிவான வியூ பாயின்ட்டில் ஃபிரிட்ஜை எரியவிட்டு நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் நடக்கப் போவதுதான் கூடாது.

ஸயானிலிருந்து கிழக்கே போகும் சாலையில் 1930-ல் திறந்த சுரங்கப்பாதை வருகிறது, 1.1 மைல் நீளம். எங்கள் உயரத்துக்கு 15 டாலர் கட்டி, எதிர்ப்பக்க வண்டிகளை நிறுத்தி வைத்து நடுவில் போகவிட்டார்கள். பெரிய வண்டிகளுக்கு 2026 முதல் இந்தச் சாலை கிடையாது என்று பூங்கா பிறகு அறிவித்திருக்கிறது. போகிறவர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சுரங்கம் என்றதும் கேஸ் ஞாபகம் வர வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பால்டிமோர் துறைமுகத்துக்கு அடியில் போகும் இரண்டு சுரங்கங்களிலும் மோட்டார்ஹோம் புரொப்பேன் டாங்குக்கு அனுமதி இல்லை. அந்த வண்டிகளெல்லாம் போய்க்கொண்டிருந்த கீ பாலம் 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்த பிறகு, ஊரை மேற்கே சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது.

பிரைஸ் கேன்யனில்தான் ஃபிரிட்ஜ் எங்களைப் படுத்தியது. பூங்கா முகாம்களில் கரன்ட் இல்லை, உயரமோ 8,000 அடிக்கு அருகில். 5,500 அடிக்கு மேல் காற்றில் ஆக்ஸிஜன் குறைந்து கேஸ் சுடர் சரியாக எரியாது, முடிந்தால் கரன்டில் ஓட்டுங்கள் என்று டொமெட்டிக் கையேட்டிலேயே இருக்கிறது. வந்து சேர்ந்ததும் சிலிண்டரைத் திறந்து, முதலில் சமையலடுப்பைப் பற்ற வைத்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினேன். அப்புறம்தான் ஃபிரிட்ஜ். பற்றிக்கொண்டது. நள்ளிரவில் ஃபிரிட்ஜில் கோளாறு என்று காட்டும் 'செக்' விளக்கு எரிந்தது.

சுடர் அணைந்ததா, வேறு ஏதாவதா? பார்த்தால் பேட்டரி. அந்த உயரத்தில் ஜூனிலும் இரவு குளிரும், ஹீட்டரின் விசிறி 12 வோல்ட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கேஸில் ஓடினாலும் ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கொஞ்சம் 12 வோல்ட் வேண்டும். வோல்டேஜ் மிகவும் இறங்கினால் சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் பிரயோஜனமில்லை. இரவில் ஜெனரேட்டர் போடக் கூடாது. ஹீட்டரை அணைத்துவிட்டு எல்லோரும் கம்பளிக்குள் புகுந்தோம். ஃபிரிட்ஜை அணைத்துப் போட்டதும் மறுபடி பிடித்தது. காலையில் அனுமதித்த நேரம் தொடங்கியதும் ஜெனரேட்டரைப் போட்டேன், ஜன்னல்களை மூடி, கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தைச் சோதித்துவிட்டு. இன்சுலின் டப்பா 6 டிகிரி காட்டியது.

பேஜில் அதற்கு நேரெதிர்ப் பிரச்சினை. தனியார் முகாம், கரன்ட் உண்டு, ஆனால் மத்தியானம் எல்லா வண்டிகளும் ஏசி போட்டதும் 120 வோல்ட் 108-க்கு இறங்கியது. ஃபிரிட்ஜுக்குள் இருப்பது வெறும் ஹீட்டர் கம்பி, அதனால் கெட்டுப்போகாது. ஆனால் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் சூடு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், உள்ளே குளிர்ச்சியும் போகும். 4,300 அடிதான் என்பதால் கேஸ் சுடர் அங்கே நன்றாக எரியும். அந்த நேரத்துக்கு மட்டும் ஆட்டோவிலிருந்து கேஸுக்கு மாற்றினேன். பக்கத்து வண்டிக்காரர் மெல்லிய தோட்டத்து எக்ஸ்டென்ஷன் ஒயரில் முழு வண்டியையும் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பிளக் பழுப்பேறி, தொட்டால் சுட்டது. காட்டியதும் பதறிப் பிடுங்கினார். 30 ஆம்பியர் வண்டிக்கு 10 கேஜ் தடிமன் ஒயராவது வேண்டும்.

கிராண்ட் கேன்யனில் டிரெய்லர் வில்லேஜ் முகாம். முழு வசதியும் இருந்தது, சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர: இரவுக் குளிரில் ஃபிரிட்ஜ் தேவைக்கு மேல் குளிர்ந்து, உள்ளே பின்பக்க அலுமினியத் தகடுகளை ஒட்டியிருந்த தயிர் உறைந்துபோனது. இன்சுலினை முதலிலிருந்தே கதவுப்பக்கத் தட்டில் வைத்திருந்ததால் தப்பியது.

புதிதாக வரும் வண்டிகளில் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், லித்தியம் பேட்டரி, கூரையில் சோலார் என்று மாறிக்கொண்டிருக்கிறார்கள். மட்டம், உயரம், சுடர் என்ற மூன்று கவலையும் அதில் இல்லை, ஓடும்போதும் போட்டுக்கொள்ளலாம். லித்தியத்தை எஞ்சின் ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைத்தால் ஆல்டர்னேட்டர் சூடாகிக் கெடலாம், நடுவில் கரன்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அத்தையைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனால் அப்படி ஒரு வண்டியைத்தான் தேடுவேன், வாடகை கொஞ்சம் கூடினாலும் சரி. கரன்ட் இல்லாத காட்டில் பல நாள் மேகமூட்டத்தில் தங்குகிறவர்கள் கேஸ் ஃபிரிட்ஜையே விரும்புவதிலும் நியாயம் இருக்கிறது.

லாஸ் வேகஸ் திரும்பும் 450 கிலோமீட்டருக்கு ஃபிரிட்ஜை அணைத்தே வைத்திருந்தோம். நடுவில் கிங்மனில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது ஒரு மணி நேரம் ஜெனரேட்டர். வண்டியை விடும்போது காலி செய்து துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்த நிலையில் மாட்டிவிட்டு வந்தோம், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.